உயிரோடிருந்தவனுக்குத் தர்ப்பணம்

பாபநாசத்துக்குக் கீழே, தாமிரபரணி வளைந்து திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்தியவர் ஒரு பெண். ஒரு காலத்தில் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. எல்லோரும் அவரை அம்மை என்றே கூப்பிட்டார்கள்.

அவருடைய சீடர் கோமதிநாயகத்துக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. வந்த நாளிலிருந்து மடத்து அடுப்படி அவர் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். ஊர் எது என்று கேட்டால் வடக்கே கையைக் காட்டுவார்.

ஆடி பிறந்த அன்று அவர் அம்மையின் முன்னால் வந்து நின்றார்.

"எனக்குக் காவி தரணும் அம்மை."

"வெள்ளையில என்ன குறை?"

"காவி வாங்குறவன் தனக்குத் தானே பிண்டம் போட்டுக்கிடணும்னு சொல்லுதாங்க. அதோட பழைய ஆள் செத்துட்டான்னு அர்த்தம். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"செத்தவனுக்குக் கடன் உண்டா?"

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"யாருக்குக் கொடுக்கணும்?"

"இல்ல, பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவா யாரும் கடன் கொடுக்கிறதில்லை. ஒரு ஆள்தான் கொடுப்பாரு."

கோமதிநாயகம் அடுப்படிக்குத் திரும்பினார்.

அந்த ஒரு ஆளின் பெயர் ஆவுடையப்பன். சங்கரன்கோவிலில் டெய்லர். பள்ளிக்கூடத்திலிருந்தே கோமதிநாயகத்தின் கூட்டாளி. கோமதிநாயகத்தின் பாத்திரக்கடை ஆட்டம் கண்டபோது, மகளை நர்ஸுக்குப் படிக்கவைக்கச் சேர்த்திருந்த பணத்தைத் தூக்கிக் கொடுத்தவர். பத்திரம் இல்லை, வட்டி இல்லை. "காலேஜ் திறக்கதுக்குள்ள தந்துரு, போதும்" என்றார், அவ்வளவுதான்.

கடை மூழ்கிவிட்டது. முதலில் கோமதிநாயகத்தால் உண்மையாகவே கொடுக்க முடியவில்லை. பிறகு முடிந்தது. கழுகுமலை ரோட்டில் அவருக்கு ஒரு மனை இருந்தது. அதை விற்றால் கடன் தீர்ந்திருக்கும். விற்பதற்குப் பதிலாக அதை மச்சினன் பெயருக்கு மாற்றினார். ஆவுடையப்பன் வீட்டுத் தெருவை விட்டுச் சுற்றிப் போகப் பழகினார். போன் அடித்தால் எடுக்கவில்லை. பிறகு நம்பரையே மாற்றினார்.

ஆவுடையப்பன் ஒருநாள்கூடச் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை பிடித்து, பேச்சை முறித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. கோமதிநாயகத்தின் மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளையும் கிடையாது. ஒருநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆடி அமாவாசை வந்தது. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. வழக்கமாக அன்று கோமதிநாயகம் அடுப்பை விட்டு வெளியே வரமாட்டார். அந்த வருஷம் மோர் ஊற்றுகிறவருக்குக் காய்ச்சல். வாளியைத் தூக்கிக்கொண்டு அவரே படியிறங்க வேண்டியதாயிற்று.

கூட்டத்துக்கு நடுவில் ஒரு முதுகைப் பார்த்தார். இடது தோள் கொஞ்சம் இறங்கிய முதுகு. காலமெல்லாம் மெஷின் மேல் குனிந்தே இருந்தவனின் முதுகு. கோமதிநாயகம் வாளியோடு கல்தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

ஆவுடையப்பன் தன் அப்பா பெயரைச் சொன்னார். தாத்தா பெயரைச் சொன்னார். எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பிறகும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொருத்தருக்கும் விடணும் சாமி. பேர் கோமதிநாயகம்."

"என்ன உறவு?" என்று கேட்டார் புரோகிதர்.

"கூட்டாளி."

"எப்ப தவறினாரு?"

"தெரியல."

"தெரியாம எப்படிய்யா தர்ப்பணம் பண்றது?"

"செத்துத்தான் இருக்கணும் சாமி. உசுரோட இருந்தா வந்திருப்பான்."

புரோகிதர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆவுடையப்பன் நீட்டிய கையில் எள்ளை வைத்தார். கோமதிநாயகத்தின் பெயர் சொல்லி விட்ட தண்ணீர், விரலிடுக்கில் வழிந்து ஆற்றில் விழுந்தது.

தூணுக்குப் பின்னால் வாளி சாய்ந்து மோர் முழுவதும் படியில் ஓடியதை யாரோ சத்தம் போட்டுச் சொன்ன பிறகுதான் கோமதிநாயகம் கவனித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் அம்மையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். பணம், மகள் படிப்பு, மச்சினன் பெயருக்குப் போன மனை, எதையும் விடவில்லை.

"அம்மை, ஒண்ணு யோசிச்சுப் பாத்தேன். அவன் மனசுல நான் நல்லவனாச் செத்துட்டேன். இப்ப போய் நின்னா அதையும் பிடுங்கின மாதிரி ஆகும். செத்தவனாவே இருந்துட்டா அவனுக்கு நல்லதுதானே?"

அம்மை எழுந்து உள்ளே போனார். ஒரு வாழையிலையைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தார். தண்ணீர் தெளித்தார். தானே சோறு கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடுங்க."

"பசிக்கல அம்மை."

"இது யார் கொடுத்த அரிசின்னு தெரியுமா?"

"தெரியாது. கோணி வாசல்ல இருந்துச்சு, எடுத்துட்டுப் போய்ப் பொங்கினேன்."

"சங்கரன்கோவில்ல இருந்து ஒரு டெய்லர் கொண்டுவருவாரு. செத்துப்போன கூட்டாளிக்காக நாலு பேர் சாப்பிடணும்னு கேட்டுக்கிடுவாரு."

"இந்த வருசம் மட்டுமா?"

"வருசா வருசம்."

கோமதிநாயகம் இலையைப் பார்த்தார். சோற்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் பொங்கிய சோறுதான்.

"எடுத்துச் சாப்பிடுங்க" என்றார் அம்மை. "செத்தவனாவே இருந்துடுறேன்னு சொன்னீங்களே. செத்தவருக்கு வச்சதுதான் இது."

ஒரு பிடி எடுத்தார். வாய்வரை போன கை நின்றது. சோற்றை இலையிலேயே போட்டுவிட்டு எழுந்தார். மறுநாள் விடியும்போது அவர் மடத்தில் இல்லை.

மச்சினன் முதலில் காப்பி கொடுத்து உபசரித்தான். மனை என்ற பேச்சை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. அடுத்த தடவை போனபோது வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவனுடைய செருப்பு வாசலில் கிடந்தது. கோமதிநாயகம் போய் நின்றார், திரும்பவும் போய் நின்றார். சொந்தக்காரர்கள் நடுவில் பேசி, மச்சினனுக்கு ஒரு பங்கைக் கொடுத்து, மனையை வந்த விலைக்குத் தள்ளினார்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டது. கைக்கு வந்தது ஆவுடையப்பனுக்குக் கொடுக்கவேண்டிய அளவுக்குத்தான் இருந்தது. அதை ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, பல வருஷமாகச் சுற்றிப் போன அந்தத் தெருவுக்குள் நுழைந்தார்.

ஆவுடையப்பன் வாசலுக்கு நேரே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏல கோமதி!"

ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டார். தாடியைத் தடவினார்.

"உசுரோடவா இருக்க? ஏட்டி, இங்க வந்து பாரு! ஏமாத்திட்டான், ஏமாத்திட்டான்னு சொன்னியே, வந்து நிக்கான் பாரு!"

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். திரும்ப உள்ளே போய்விட்டார்.

"பிள்ள எங்க?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"திருப்பூர்ல, பனியன் கம்பெனியில இருக்கா. அது கிடக்கட்டும். நீ இவ்வளவு நாளு எங்கல இருந்த? ஆஸ்பத்திரியிலயா?"

"இல்ல."

"ஜெயில்ல கியில்ல போட்டுட்டாங்களா? எங்கிட்ட சொல்லதுக்கு என்ன?"

"இல்ல."

"பின்ன வெளிநாட்டுலயா?"

ஆவுடையப்பன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எதற்காவது ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்று கோமதிநாயகத்துக்குத் தோன்றியது. சொல்லவும் வாய் திறந்தார்.

"பாபநாசத்துல" என்றார். "படித்துறைக்கு மேல, மடத்துல."

"அம்மை மடத்துலயா?"

"ஆமா."

"நான் அரிசி குடுக்குற மடத்துலயா?"

"ஆமா."

ஆவுடையப்பனின் கை அவர் முகத்தை விட்டு மெல்ல இறங்கியது.

"அந்தச் சோத்த யாருல பொங்கினது?"

"நான்தான்."

கோமதிநாயகம் மஞ்சள் பையை மெஷின் மேல் வைத்தார்.

"உன் பணம் ஆவுடை. முழுசும் இருக்கு."

ஆவுடையப்பன் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் எடுத்தார். வாசலைத் தாண்டி வந்து, மழைத்தண்ணீர் படாத இடமாகப் பார்த்துப் படியின் ஓரத்தில் வைத்தார்.

"உனக்காக இந்த வீட்டுல நான் எத்தனை சண்டை போட்டிருக்கேன் தெரியுமால?" என்றார். குரல் உயரவே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோமதிநாயகம் கூப்பிட்டுப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்க்கத் தொடங்கியதும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது உடம்பெல்லாம் நனைந்திருந்தது. பையை அம்மையின் முன்னால் வைத்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன் அம்மை. முன்னாடி அவனுக்குச் செத்துப்போன கூட்டாளி ஒருத்தனாவது இருந்தான். இப்ப அவனும் இல்ல. நான் போயிருக்கவே கூடாது."

அம்மை துண்டு எடுக்க எழுந்தார்.

"பணத்தை வாங்கமாட்டேன்னுட்டான். நான் என்ன செய்ய? இதை மடத்துக்கு எடுத்துக்கிடுங்க. அவன் பேருல அன்னதானம் நடக்கட்டும். புண்ணியமாவது அவனுக்குப் போய்ச் சேரட்டும்."

அம்மை துண்டு எடுத்துக் கொடுத்தார். அவர் தலையைத் துவட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"கதவு பூட்டியிருந்ததா?"

"பூட்டல. உள்ள தாழ் போட்டுக்கிட்டான்."

அம்மை பையை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"அப்ப உள்ள ஆள் இருக்காரு."