தாம்பரத்துக்கு அப்பால்

நடந்ததை நடந்தபடி வைக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது. ஆனால் பாதியிலேயே வாயைத் திறக்காதீர்கள். அப்படித் திறந்து மூக்குடைபட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிண்டியில் ஒரு தையல் கம்பெனி. அங்கே காலர் தைப்பவள் அற்புதமேரி. வீடு தாம்பரம். சீசன் டிக்கெட்டும் கிண்டியிலிருந்து தாம்பரம் வரைக்கும்தான். அன்று மதியம் அவள் போன் அடித்தது. கேட்டாள். போனை மிஷின்மேல் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். கட்டிங் மாஸ்டர் கோதண்டம் எடுத்துப் பேசினான். மறுமுனையில் அவள் கொழுந்தன். லாரி ஓட்டும் அவள் புருஷன் விபத்தில் போய்விட்டான்; உடல் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில்; அவள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் இன்றைக்குக் கொடுப்பார்கள்.

கோதண்டம் அவளை ரயிலேற்றித் தானும் ஏறினான். டிக்கெட் வரிசையில் நின்றிருந்தால் அந்த வண்டி போயிருக்கும். அவள் கம்பெனி ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. நூல் வெட்டும் கத்தரி கழுத்தில் கயிற்றோடு ஆடிக்கொண்டிருந்தது.

தாம்பரம் வந்தது. இருவர் சீசனும் அத்தோடு சரி. “தங்கச்சி, நீ உக்காரு. ஓடிப்போய் டிக்கெட் எடுத்தாந்துடறேன்” என்றான் கோதண்டம். பக்கத்தில் இருந்த கொய்யாப்பழக்காரி இந்திராணியிடம் விஷயத்தைக் காதோடு சொல்லி, “பாத்துக்கம்மா” என்று இறங்கினான். டிக்கெட் எடுத்துவிட்டான். ஆனால் அவன் திரும்ப ஓடிவருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. இரண்டு டிக்கெட்டும் கையிலிருக்க, பிளாட்பாரத்தில் நின்றான்.

வண்டலூரில் பரிசோதகன் முத்துவேல் ஏறினான். மேரி சீசனை நீட்டினாள்.

“இது தாம்பரம் வரைக்கும்தாம்மா.”

“சார், டிக்கெட் எடுத்தாச்சு. தாம்பரத்துல நிக்குது” என்றாள் இந்திராணி.

“டிக்கெட் அங்க நிக்குது, ஆள் இங்க உக்காந்திருக்காங்களா?”

“கிண்டல் பண்ற நேரமா இது? அவ மொகத்தப் பாருய்யா! ஏம்மா, என்ன நடந்துச்சுன்னு நீயே ஒன் வாயால சொல்லு. மனுசனா இருந்தா விட்டுடுவாரு.”

பெட்டியே திரும்பிப் பார்த்தது. மேரி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

முத்துவேல் அவள் முகத்தைப் பார்த்தான். கத்தரியைப் பார்த்தான். “வேணாம்மா” என்றான். வேறெதுவும் கேட்கவில்லை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குக் கட்டணமும் மேலே அபராதமும் போட்டு ரசீது எழுதினான். அவள் பர்ஸைத் திறந்து நீட்டினாள். எடுத்துக்கொண்டு மிச்சத்தை உள்ளே வைத்தான். ரசீதை மடித்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

“இத விட்றாதீங்க. செங்கல்பட்டு வாசல்ல எங்க ஆளுங்க நிக்கறாங்க.”

“நீயெல்லாம் நல்லா இருப்பியா?” என்றாள் இந்திராணி. அவன் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான்.

செங்கல்பட்டு வாசலில் கூட்டம். பரிசோதகர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மேரி கையை நீட்டினாள். விரலிடுக்கில் தெரிந்த ரசீதைப் பார்த்து வழிவிட்டார்கள். வெளியே கொழுந்தன் நின்றிருந்தான்.

இப்போது சொல்லுங்கள். கோதண்டம் அவளுக்காக ஓடினான். இந்திராணி அவளுக்காகச் சண்டை போட்டாள். முத்துவேல் அவளிடம் அபராதம் வாங்கினான். மூவரில் அவளுக்கு உண்மையில் உதவியவர் யார்?

விடை: முத்துவேல். எரிச்சல் வருகிறதா? எனக்கும் முதலில் வந்தது. கோதண்டம் நல்லவன்தான், ஆனால் துணையாக வந்தவன் டிக்கெட்டைப் பிடிக்கப்போய் அவளை விட்டுவிட்டான். இந்திராணி கேட்டது இலவசம். இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு, அதைப் பேரம் பேசியே பிழைத்த என்னைக் கேளுங்கள். புருஷன் செத்ததை அவள் வாயால், அத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டும், அதுதான் விலை. சும்மா விட்டிருந்தால் வாசலில் நின்றவர்களிடம் மறுபடியும் சொல்ல வேண்டும். முத்துவேல் பணத்தோடு நிறுத்திக்கொண்டான். ஆஸ்பத்திரியில் பேனாவை நீட்டியபோதுதான் அவள் விரல்கள் பிரிந்தன. ரசீது கீழே விழுந்தது. அது கைக்கு வந்ததிலிருந்து அதுவரை அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.