வீடாக நின்ற யானை மேஸ்திரி

ஒரு காட்டில் முள்ளாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்குக் கோணூசி, குண்டூசி என்று இரண்டு பிள்ளைகள். கோணூசி பெண், குண்டூசி பையன். இரண்டும் ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

கோடை வந்தது. மரங்கொத்தி வாத்தியார் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு மாமியார் மரத்துக்குப் போய்விட்டது. அதே வாரம் குளமும் வற்றியது. வற்றிய ஆற்றில் ஊற்று தோண்ட வேண்டும். அந்தக் காட்டில் ஊற்று தோண்டுவதில் முள்ளாயியை மிஞ்ச ஆள் கிடையாது. கூலி, மழை வரும்வரை வீட்டுக்கு வேண்டிய கிழங்கு. பிள்ளைகளின் அப்பா மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருந்தது. ஆகவே இந்தக் கூலியை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

"நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடணும், தாயி!" என்றது யானை மேஸ்திரி. "பிள்ளைகளை மட்டும் கூட்டிட்டு வராதே. இது வேலை செய்யற இடம்!"

"சரிங்க மேஸ்திரி," என்று தலையை ஆட்டிவிட்டு, பிள்ளைகளை விட இடம் தேடிக் கிளம்பியது முள்ளாயி.

முதலில் மயில் டீச்சரிடம் போனது. அங்கே கோடை முகாம் தடபுடலாக நடந்துகொண்டிருந்தது.

"ஆட்டம், பாட்டு, ஓவியம், பறத்தல்! எல்லாமே சொல்லித் தருவோம்!" என்றது மயில்.

"முள்ளம்பன்றி எப்படிங்க பறக்கும்?"

"பறக்காது. அதனாலதான் அதுக்குத் தனிக் கட்டணம்!"

"மொத்தம் எவ்வளவு ஆகும், டீச்சர்?"

மயில் சொன்னது. அது முள்ளாயிக்குக் கிடைக்கப்போகிற அத்தனை கிழங்கையும் விடக் கொஞ்சம் கூடுதல்.

"அப்போ நான் வேலைக்குப் போறதே உங்களுக்குக் கிழங்கு கொண்டாந்து கொட்டத்தானா?"

"நிறைய தாய்மார் அப்படித்தான் போறாங்க!" என்று தோகையைச் சிலிர்த்தது மயில்.

வழியில் மலைப்பாம்பு கூப்பிட்டது. "என்ன தாயி, அலையறே? நான் பார்த்துக்கறேன். கட்டணமே வேண்டாம்!"

முள்ளாயிக்கு நம்பவே முடியவில்லை. "நிஜமாவா? சாப்பாடு கட்டித் தரட்டுமா?"

"சாப்பாடு எதுக்கு? அதான் அனுப்பப் போறியே! முள்ளை மட்டும் கழற்றிட்டு அனுப்பு!"

முள்ளாயி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் செருப்பு போட்டிருந்தால் அறுந்திருக்கும்.

மரத்தின்மேலிருந்து குயில் ஒரு யோசனை சொன்னது. "பேசாமல் காக்கா கூட்டுல விட்டுட்டுப் போ. நான் இதுவரைக்கும் ஒரு பிள்ளையைக்கூட வளர்த்ததில்ல. எல்லாம் நல்லா இருக்குதுங்க!"

முள்ளாயிக்கு மரம் ஏறத் தெரியாது. தெரிந்திருந்தால், அன்று இருந்த நிலைமையில் ஏறியிருக்கும்.

மறுநாள் வேறு வழியில்லாமல் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே ஆற்றுக்குப் போனது. "அந்தப் பாறை ஓரமாவே உட்காருங்க. நகரக் கூடாது," என்றது. இரண்டும் தலையை ஆட்டின. முள்ளாயி பாதிப் பள்ளம் தோண்டுவதற்குள் மேஸ்திரியின் அலறல் கேட்டது.

குண்டூசி, மேஸ்திரியின் காலடியில் உருண்டு விளையாடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி பார்க்காமல் அதன் முள்மேல் காலை வைத்துவிட்டது.

"அய்யோ! அம்மா! எடுங்க! எடுங்க!" என்று ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு குதித்தது மேஸ்திரி. யானை குதித்தால் என்ன ஆகும்? பாதி தோண்டிய பள்ளம் மூடிக்கொண்டது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? உனக்கு வேலை கிடையாது, போ! பிள்ளைகுட்டி இல்லாத ஆளாப் பார்த்து வைச்சுக்கறேன்!"

காட்டுப்பன்றி முன்னால் வந்தது. "எனக்குப் பிள்ளையும் இல்ல, குட்டியும் இல்ல! காலையில வந்தா ராத்திரிதான் போவேன்!"

"இதுதான் ஆளு!" என்று மகிழ்ந்துபோனது மேஸ்திரி.

முள்ளாயி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தது. பானையில் இருந்தது ஒரே ஒரு கிழங்கு. பிள்ளைகளுக்குப் பாதிப் பாதியாகக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பசிக்கலை," என்றது.

ஆற்றில் காட்டுப்பன்றி மூக்கால் கிளறிய வேகத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மண் பறந்தது. கல் பறந்தது. மத்தியானத்துக்குள் ஈரம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பளிங்குபோல் தண்ணீர் ஊறியது.

மான், முயல், குரங்கு, மயில் எல்லாம் வரிசையாக நின்றன.

காட்டுப்பன்றி தண்ணீரைப் பார்த்தது. ஈர மண்ணைப் பார்த்தது. அதன் வால் தானாக ஆடியது. அடுத்த நொடி 'தொப்'பென்று உள்ளே விழுந்து புரண்டது!

"டேய்! வெளியே வாடா!" என்று கத்தியது மேஸ்திரி.

"ஒரே ஒரு புரளல், மேஸ்திரி! உடம்பு கேட்குது!"

"அது குடிக்கிற தண்ணிடா!"

"அதனாலதான் இவ்வளவு சுகமா இருக்குது!"

அதோடு விட்டதா? காட்டுப்பன்றிக்குப் பிள்ளைகள்தான் இல்லை. மாமன், மச்சான், சித்தப்பா, பங்காளி எல்லாம் இருந்தார்கள். சேற்று வாசனை பிடித்து மொத்தக் குடும்பமும் வந்து இறங்கியது. சாயங்காலம் ஊற்றில் தண்ணீரே இல்லை. சேறும், அதில் வரிசையாக வால்களும்தான் இருந்தன. மேஸ்திரி துதிக்கையில் உறிஞ்சிப் பார்த்தது. தும்மியது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் சேறாகிவிட்டார்கள்.

இரண்டு நாள் போனது. நாக்கு வறண்டுபோன மேஸ்திரி முள்ளாயியின் வளை வாசலில் வந்து நின்றது. பின்னால் காடே நின்றது.

"தாயி, நீ வந்தாத்தான் ஆகும். புது ஊற்று ஒண்ணு தோண்டிக் கொடு."

"தோண்டறேன். என் பிள்ளைகளை யார் பார்த்துக்குவா?"

"யாராவது பார்த்துக்குவாங்க, தாயி."

"அந்த யாராவது யாருன்னு இப்பவே சொல்லுங்க, மேஸ்திரி!"

மேஸ்திரி திரும்பிப் பார்த்தது. மான் வானத்தைப் பார்த்தது. குரங்கு பேன் பார்த்தது. மயில், "கட்டணத்துல கொஞ்சம் குறைச்சுக்கலாம்..." என்று இழுத்தது. மலைப்பாம்பு மட்டும் ஆசையாகத் தலையைத் தூக்கியது.

"சரி, நானே பார்த்துக்கறேன்!" என்றது மேஸ்திரி. "பிள்ளை பார்க்கறது என்ன பெரிய வேலையா? சும்மா நிக்கறதுதானே! அதை நான் தினமும் செய்யறேன்."

மறுநாள் முள்ளாயி ஆற்றில் இறங்கியது. மேஸ்திரி கரையில் நின்றது. காட்டிலேயே பெரிய நிழல் அதன் வயிற்றுக்குக் கீழேதான் இருந்தது. பிள்ளைகள் அங்கே ஓடி வந்தன.

"மேஸ்திரி மாமா, நீங்கதான் வீடு!" என்றது கோணூசி.

"சரி, கண்ணு."

"வீடு பேசக் கூடாது!" என்றது குண்டூசி.

மேஸ்திரி ஈயை விரட்டக் காதை ஆட்டியது.

"வீடு ஆடக் கூடாது! இடிஞ்சு விழுந்திடும்!"

இதை முதலில் பார்த்தது குரங்கு. சத்தமில்லாமல் தன் குட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. அப்புறம் முயல் ஒரு கூட்டத்தையே விட்டுப் போனது. மயில் டீச்சர்கூட, "அஞ்சு நிமிஷம்தான், இதோ வந்துடறேன்," என்று தன் குஞ்சுகளை இறக்கிவிட்டு முகாமுக்கு ஓடியது. அஞ்சு நிமிடம் மத்தியானம் ஆனது. மத்தியானம் சாயங்காலம் ஆனது.

வீட்டுக்குள் சண்டை வந்தது. பசி வந்தது. ஒன்றுக்கு வந்தது. ஒரு குட்டி துதிக்கையில் ஊஞ்சல் கட்டியது. இன்னொன்று வாலைப் பிடித்து அழைப்பு மணி அடித்தது. "வீட்டுக்கு ஏன் மூக்கு இருக்கு?" என்று கேட்டது ஒரு முயல் குட்டி. பதில் சொன்னால், 'வீடு பேசக் கூடாது!' சொல்லாவிட்டால், 'ஏன் சொல்லலை?' நான்கு காலிலும் முள் ஏறியும் மேஸ்திரி அசையவில்லை. அசைந்தால் எந்தக் குட்டி மிதிபடுமோ என்ற பயம்!

சாயங்காலம் முள்ளாயி கூவியது. "தண்ணி வந்துடுச்சு!"

எல்லோரும் ஓடினார்கள். தெளிந்த தண்ணீர், குளிர்ந்த தண்ணீர்! ஆனால் குடிக்கக் குனிந்தவர்களுக்கு முன்னால் ஒரு பெரிய கால் வந்து குறுக்கே நின்றது.

"நில்லுங்க!" என்றது மேஸ்திரி. "இந்தத் தாயிக்கு நாளைக்கும் வேலை உண்டு. கோடை முடியறவரைக்கும் உண்டு. இந்த ஊற்றுல வாய் வைக்கிற எல்லாரும் ஆளுக்கொரு நாள் வீடா நிக்கணும்! முறை வைச்சு நிக்கணும்!"

"கட்டணம்?" என்றது மயில்.

"குடிக்கப் போறியே, அதுதான்!"

முயல் பயந்துபோய் முன்னால் வந்தது. "மேஸ்திரி, நான் இத்துனூண்டு. நான் எப்படி வீடா நிக்கறது?"

மேஸ்திரி அதை மேலும் கீழும் பார்த்தது.

"நீ குடிசையா நில்லு!"

ஒருத்தியின் உழைப்பால் ஊரே பிழைக்கிறது என்றால், அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் ஊருக்கே உரிய வேலைதான்.