சித்திரையில் கம்பளி

குளித்தலைக்கு மேற்கே காவிரிக் கரையில் ஒரு சிறிய சபை. சௌந்தரநாயகி அம்மா அங்கே விடியற்காலையில் பேசுவார். பேச்சுக்கு முன் ஒரு வழக்கம் உண்டு. "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பார். கூடத்தில் இருப்பவர்கள் தலையசைப்பார்கள். வெளியூரிலிருந்து செல்போனில் பார்ப்பவர்கள் பெயரை எழுதி அனுப்புவார்கள். சீடர் கலியமூர்த்தி அதைப் படிப்பார். ஒவ்வொரு பெயரையும் அம்மா தன் வாயால் திருப்பிச் சொல்லி, "உட்காருங்க" என்பார். கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு.

கலியமூர்த்தி பழைய கல்யாண வீடியோக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முகூர்த்தத்தைத் தவறவிடாமலே பிழைத்தவருக்கு நேரலை முன்னே பின்னே தொடங்குவது பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு டைமர் மென்பொருளைப் போட்டார். ஐந்தரைக்கு அது தானே தொடங்கும், ஆறரைக்குத் தானே நிறுத்தும். அம்மா தடுக்கவில்லை. கதவைத் திறக்க ஒரு பொறி, திறந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

சித்திரையில் அம்மாவுக்குச் சிக்குன்குனியா வந்தது. மூட்டெல்லாம் வீங்கி எழுந்து நிற்க முடியவில்லை. உடம்பு தேறும்வரை சபை இல்லை என்று எழுதிப் போடச் சொல்லிவிட்டுப் பின்கட்டில் படுத்துவிட்டார்.

எழுதிப் போடக் கலியமூர்த்திக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் நின்றால் பார்க்கிறவர்கள் வேறு பக்கம் போய்விடுவார்களாம். பழைய பதிவுகளை எடுத்து டைமரில் வரிசையாக ஏற்றினார். வெளிச்சம் நன்றாக விழுந்த பதிவுகளாகப் பார்த்து எடுத்தார். அந்தத் தொழில் சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. மேலே சிவப்பில் 'நேரலை' என்ற எழுத்தை அப்படியே விட்டார். யார் என்ன எழுதினாலும் அடுத்த நொடியே ஒரு பதில் தானாகப் போகும்படியும் செய்தார்: "அம்மா உங்களைப் பார்த்துவிட்டார். உட்காருங்கள்."

பிறகு நிம்மதியாகத் தூங்கினார். நேரலையாம் நேரலை.

ஒரு பிற்பகலில் காங்கேயத்திலிருந்து தெய்வானை என்கிற பெண்மணி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து நின்றார். கையில் செல்போன் இருந்தது.

"இதுல பதில் எழுதறது யாருங்க?" என்று கேட்டார்.

கலியமூர்த்தி பெருமையாகவே முன்னால் வந்தார்.

தெய்வானையின் கணவர் மருதாசலம் பஸ் டிரைவர். அம்மா வாயால் தன் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் முதல் டிரிப்புக்கு வண்டியை எடுப்பாராம். அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று கோவையில் நாள் குறித்தார்கள். அன்று காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவர் எழுதியதைத் தெய்வானை எடுத்துக் காட்டினார். "அம்மா, மருதாசலம் வந்திருக்கேன். இன்னைக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. பேரை ஒருக்கா சொல்லுங்க."

அதற்குக் கீழே அந்தப் பதில் இருந்தது.

அம்மா பார்த்துவிட்டார் என்று மருதாசலம் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யார் யார் பெயரோ வந்தது. அழைத்துப்போக வந்த நர்ஸைக்கூடக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். ஆறரைக்குத் திரை அணைந்தது. நாளை இதே நேரம் சந்திப்போம் என்று ஒரு வரி வந்தது. ஆபரேஷனுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

"காலங்காத்தாலயே வேர்த்து ஊத்துதுங்க. அதுல அம்மா கம்பளி போத்திட்டு உக்காந்திருக்கறாங்க. மார்கழில புடிச்சதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவருகிட்டச் சொல்ல வாய் வரலீங்க."

கலியமூர்த்தி செய்திருக்க வேண்டியது வாயை மூடிக்கொண்டு நிற்பது ஒன்றுதான். அவரோ, விதி முடிந்தால் யார் என்ன செய்ய முடியும் என்றார். அம்மா படுத்த படுக்கையாக இருந்தும் ஒரு நாள்கூட நிற்காமல் நடத்தியிருக்கிறோம் என்றும் சொன்னார்.

"நின்னிருக்கோணும்," என்றார் தெய்வானை. "அவரு செத்ததுக்கு உங்களக் குத்தம் சொல்ல நான் வரலீங்க. நீங்க நிறுத்தியிருந்தா, பயமா இருக்குன்னு எங்கிட்டச் சொல்லியிருப்பாரு. நான் கையையாவது புடிச்சிருப்பேன். கட்டில்ல பக்கத்துல நான் இருக்கறேன். ஆளே இல்லாத எடத்துல போய்ச் சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்த ஒரு மணி நேரத்தத் திருப்பித் தருவீங்களா?"



சத்தம் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டிலிருந்து வந்தார். நடந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. முகம் சிவந்துவிட்டது. வலியோடு தெய்வானைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, செல்போனை வாங்கி, எழுதியிருந்ததை முழுதும் படித்தார்.

"மருதாசலம்," என்றார். "உட்காருங்க."

தெய்வானை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தெய்வானைக்குக் கோபம் தீரவில்லை. தீரவேண்டிய கோபமும் இல்லை அது. மாலை பஸ்ஸுக்குப் புறப்படும்போது கலியமூர்த்தியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மறுநாள் விடியலில் கலியமூர்த்தி கூடத்துக்கு வந்தார். இரவெல்லாம் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அம்மா தன் இடத்தில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மேசையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் நிறுத்தியிருக்கவில்லை.

ஐந்தரை ஆனது. திரை தானே உயிர்பெற்றது. கம்பளி போர்த்திய அம்மா அதில் சிரித்தபடி, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார்.

கலியமூர்த்தி கைகூப்பினார். "அம்மா, பெரிய பாவம் பண்ணிட்டேன். என்னை மன்னிக்கணும்."

அம்மா திரும்பவில்லை. திரையை மட்டும் கையால் காட்டினார்.

"அங்க எழுதுங்க."

அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் கை இறங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, நின்றபடியே எழுதி அனுப்பினார்.

செல்போன் உடனே ஒலித்தது.

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சுங்கம்மா."

"படிங்க."

கலியமூர்த்தி படித்தார். "அம்மா உங்களைப் பார்த்துவிட்டார். உட்காருங்கள்."

அம்மா அப்போதும் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஏன் இன்னும் நின்னுட்டிருக்கீங்க?"