தலைவருக்கு விழுந்த ரெட் கார்டு

குமரிக் கடற்கரையில் ஒரு கால்பந்து கிளப். அதில் கோல் அடிக்க ஜெரோன்ஸ் ஒருத்தன்தான். ஆனால் ரெஃப்ரியைத் திட்டித் திட்டி ரெட் கார்டு வாங்குவதிலும் அவன் ஒருத்தன்தான். அவனை வைத்துக்கொள்வதா, விரட்டுவதா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கத்தியது.

கிளப் தலைவர் மிக்கேலடிமை எழுந்தார். "ரெட் கார்டு வாங்குறவனுக்கு இந்தக் கிளப்ல இடமில்ல. நாளைக்கு மேட்ச் முழுக்க அவன வாயத் திறக்காம ஆட வைக்க எவனாலயாவது முடியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். களத்தில் இறங்கவே வாய்ப்புக் கிடைக்காமல் தலைவர் பக்கத்தில் பெஞ்சைத் தேய்க்கும் மாற்று கோல்கீப்பர் கிளீட்டஸ் மட்டும், "நான் பாத்துக்கிடுதேன் தலைவரே" என்றான்.

மறுநாள் ஜெரோன்ஸை எதிரணிக்காரன் மிதித்தான். விசில் வரவில்லை. ஜெரோன்ஸ் எழுந்து தலைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் ஓடினான். மறுபடி மிதி, மறுபடி அதே பார்வை. மூன்றாவது மிதிக்குத் தலைவர் செருப்போடு மைதானத்துக்குள் பாய்ந்து, ரெஃப்ரியின் ஏழு தலைமுறையையும் இழுத்தார். ரெஃப்ரி ரெட் கார்டை அவருக்கே நீட்டினார். ஜெரோன்ஸ் வாய் திறக்காமலே கோல் அடித்தான்.

சாயங்காலம் கூட்டத்தில் தலைவர் உறுமினார். "எப்பிடிலே அவன் வாயக் கட்டுன?"

"மிதி விழுந்தா தலைவரப் பாரு, மிச்சத்த அவரு பேசுவாருன்னு சொன்னேன். இத்தன வருசமா பக்கத்துல உக்காந்து நீங்க திட்டுறதக் கேட்டுக் காது புளிச்சவன்லா நான்" என்ற கிளீட்டஸ் கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"ஜெரோன்ஸ் இருக்கட்டும். தலைவர வச்சுக்கிடலாமா, வேண்டாமா? கை தூக்குங்க."