தோணிக்கு முதுகு அரித்தது

முள்ளம்பன்றி ஒன்று தன் தோணிக்கு முதுகு சொறிந்துவிட்டது.

சிரிப்பு வருகிறதா? அடக்கிக்கொள்ளுங்கள்! இப்போதே சிரித்துத் தீர்த்துவிட்டால் அந்த இடம் வரும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது. சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் முதலில் ஒரு பாலம் வெள்ளத்தோடு போக வேண்டும்.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஆறு. ஆற்றின் குறுக்கே ஒரு மருதமரம் சாய்ந்து கிடந்தது. வேர் மண்ணை விடாததால் படுத்தபடியே தளிர்த்துக்கொண்டும் இருந்தது. அதன்மேல் ஏறித்தான் எல்லாரும் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வந்தார்கள்.

வரிச்சி என்ற அணில் ஒரு நாள் காலையில் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்தாள். குட்டிகளுக்குப் படுக்கை போட இலவம்பஞ்சு தேவைப்பட்டது. அவள் பஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தபோது கோடைமழை கொட்டியது. வெள்ளம் வந்தது. மருதமரத்தை வேரோடு பிடுங்கி இக்கரையில் ஒதுக்கியது. போகிற போக்கில் கரையையும் அரித்துக்கொண்டு போனது.

வெள்ளம் வடிந்தது. ஆனால் ஆறு அகலமாகிவிட்டது. இனி அந்த மரத்தைத் திருப்பிப் போட்டாலும் எட்டாது. வரிச்சி பஞ்சும் கையுமாக இக்கரையில் நின்றாள். குட்டிகளும் அப்பன் அணிலும் அக்கரைப் புளியமரத்தில்.

அப்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தவர்தான் நம் முள்ளம்பன்றி. பெயர் ஈட்டியப்பர். அவர் நடந்து வந்தால் முட்கள் சலசலவென்று பேசும். மீதியை அவர் பேசுவார்.

"ஏன் கவலைப்படுறீங்க? அந்த மரத்தை என்கிட்ட விடுங்க. ஒரு தோணி செய்யச் சொல்றேன். துடுப்புப் பிடிக்க இந்தக் காட்டுல என்னைவிட்டா யாருக்குக் கை இருக்கு? வரிச்சி, தங்கச்சி! உன்னைத்தான் முதல்ல ஏத்துவேன்!"

எல்லாரும் சரி என்றார்கள். மரம் அவருடையதாயிற்று.

தோணி செய்ய வந்தவர் கொண்டையாசாரி என்ற மரங்கொத்தி. அவர் வாய் திறந்தால் வார்த்தைக்கு வார்த்தை ஒரு கொத்து விழும்.

"அளவு சொல்லுங்க. டொக். முழங்கால் போட்டு உட்காருங்க. டொக். துடுப்பு உங்க தாடை வரைக்கும் வரும். டொக். அகலம் எவ்வளவு வேணும்?"

ஈட்டியப்பர் முட்களை முழுசாக விரித்துக் காட்டினார். "இவ்வளவு!"

"துடுப்புப் போடுறப்ப முள்ளை ஏன் விரிக்கப்போறீங்க?"

"கரையில நாலு பேரு நின்னு பார்ப்பாங்க இல்லையா? அப்ப விரிக்கணும்யா!"

ஆசாரி தலையை ஆட்டினார். டொக், டொக், டொக். வெளியே செதுக்கினார், உள்ளே குடைந்தார். மூடி இல்லை, கூரை இல்லை. வாய் திறந்த தோணி. வரிவரியாக மருதமரத்தின் ரேகை ஓடியது. முன்மூக்கில் மட்டும் வட்டமாக ஒரு பொந்து. தண்ணீர் எட்டாத உயரத்தில்தான்.

"இது எதுக்கு?"

"எதுக்குமில்லை. மரத்தைத் தொட்டா ஒரு பொந்து போடாம எனக்குக் கை அடங்காது. அதை விடுங்க, இதைக் கேளுங்க. பச்சை மரம் இது. தண்ணியிலேயே போட்டு வைங்க. வெயில்ல வச்சா வெடிச்சிரும். டொக்."

சிரிப்பா? இன்னும் இல்லை. பொறுங்கள்.

ஈட்டியப்பர் தோணியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எவ்வளவு அழகு! இதைப் போய்த் தண்ணீரில் போடுவதா? அடியில் கல் உரசுமே! பாசி பிடிக்குமே! கரையில் இரண்டு கட்டைகளை வைத்து அதன்மேல் தோணியை ஏற்றினார். புன்னைக்கொட்டை எண்ணெய் தடவினார். வெயிலில் மினுமினுப்பதைத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு உள்ளே ஏறி முழங்கால் போட்டு, காற்றில் துடுப்பை வீசினார். வலம், இடம், வலம், இடம். ஆறு பக்கத்தில் சும்மா போய்க்கொண்டிருந்தது.

வரிச்சி தினமும் பஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இன்னிக்குப் போலாமா?"

"எண்ணெய் காயலையே தங்கச்சி."

மறுநாள்: "காத்தைப் பாரு, காத்தை! இந்தக் காத்துல எவனாவது தோணி எடுப்பானா?"

அடுத்த நாள்: "தண்ணி கலங்கலா இருக்கு. கறை பிடிச்சா யாரு துடைக்கிறது?"

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஈட்டியப்பர் பிறந்ததிலிருந்து முட்டிக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை.

வெயில் ஏறியது. ஒரு நாள் மத்தியானம் 'பட்' என்று ஒரு சத்தம். தோணியின் அடியில் முடி போல ஒரு வெடிப்பு. கொண்டையாசாரி வந்து பார்த்தார். "இப்ப நனைச்சாக்கூட மூடிக்கும். இன்னும் நாலு வெயில் பட்டா ரெண்டாப் பிளக்கும். டொக்." ஈட்டியப்பர் அந்த வெடிப்பின் மேலேயும் எண்ணெய் தடவினார்.

வேறு தோணி செய்ய வேறு மரம் சாயவில்லை. வரிச்சி கரையில் உட்கார்ந்து பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டினாள்.

இனிமேல்தான் சீட்டி வருகிறான்.

சீட்டி ஒரு கரிச்சான்குருவி. அவன் வாலிலிருந்து இரண்டு நீளக் கம்பிகள் தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் துடுப்பு மாதிரி ஓர் இறகு. ஒரு குரலை ஒரு தடவை கேட்டால் போதும், அச்சாகத் திருப்பித் தருவான். பருந்து மாதிரி கத்திக் கோழிகளை ஓட வைப்பான். கோழி மாதிரி கூப்பிட்டுப் பருந்தை ஏமாற்றுவான். சேட்டைக்காரப் பயல். ஆனால் தினமும் சாயங்காலம் அக்கரைக்குப் பறந்து போய் குட்டிகள் சொல்வதைக் கேட்டு வந்து, வரிச்சியிடம் அதே குரலில் சொல்வான்.

"அம்மா! அப்பாவுக்குக் கொட்டை உடைக்கவே தெரியலை! தோலை எங்களுக்குக் குடுத்துட்டுப் பருப்பைக் கீழ போட்டுர்றாரு!"

வரிச்சி விழுந்து விழுந்து சிரிப்பாள். அன்றைக்கும் சிரித்தாள். பிறகு, "சின்னவன் ஏன் பேசலை?" என்று கேட்டாள்.

சீட்டி கொஞ்சம் தயங்கினான். பிறகு சின்னவன் குரலில் சொன்னான்: "இந்த வீட்டுல அம்மான்னு ஒருத்தங்க இருந்தாங்கல்ல?"

வரிச்சி பஞ்சுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். சீட்டி அதைப் பார்த்தான். வாலை ஒரு தடவை ஆட்டினான். அவன் வாலை ஆட்டினால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலை ஈட்டியப்பர் எண்ணெயோடு வந்தார். தோணியின் மூக்குப் பொந்திலிருந்து கறுப்பாக இரண்டு கம்பிகள் தொங்கின.

"அடடே! ஆசாரி சாமரம்கூட வச்சிட்டுப் போயிருக்காரே!" அதற்கும் கொஞ்சம் எண்ணெய் தடவினார்.

"ஈட்டியப்பா..."

கரகரவென்று ஒரு குரல். நூறு வருஷம் தண்ணீர் குடிக்காத மரக்கட்டையின் குரல். ஈட்டியப்பரின் முட்கள் சடாரென்று நின்றன.

"யாரு?"

"நான்தான்டா. உன் தோணி."

"தோணி... பேசுமா?"

"பேசாமத்தான் கிடந்தேன். தொண்டை வறண்டு போச்சு. தண்ணி குடுடா!"

ஈட்டியப்பர் ஓடினார். தாமரை இலையில் தண்ணீர் மொண்டு வந்தார். "வாய் எங்க இருக்கு?"

"தோணிக்கு வாய் வயித்துலதான். அடியில."

"அடியில எப்படி ஊத்துறது?"

"ஊத்த முடியாது. என்னைக் கொண்டுபோய் ஆத்துல வை."

"அழுக்காயிருமே!"

"செத்துப்போனா சுத்தமா இருப்பேன். பரவாயில்லையா?"

ஈட்டியப்பர் தோணியைக் கட்டையிலிருந்து தள்ளி, கரையோரத் தண்ணீரில் விட்டார். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே கசிந்தது. "ஐயோ, ஒழுகுது!"

"ஒழுகலைடா, குடிக்கிறேன்! குடிக்கிறவனைப் பார்த்துக் கத்தாதே!"

கொஞ்ச நேரத்தில் மரம் ஊறிப் பெருத்தது. வெடிப்பு தானாக மூடிக்கொண்டது. கசிவு நின்றது.

"அப்பாடா!" என்றது தோணி. "வயிறு நிறைஞ்சுது. இப்ப முதுகு அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடு."

இதோ! இந்த இடம்தான்!

"சொறிஞ்சா கீறல் விழுமே!"

"அரிக்கிறது உனக்கா, எனக்கா?"

ஈட்டியப்பர் கரையில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். பிறகு தன் முள் ஒன்றைப் பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு, தோணியின் வெளிப்புறத்தில் ஒரு கோடு இழுத்தார். கர்ர்ர்.

"ஆஹா! இன்னும் மேல. இடது பக்கம். அங்கதான்! அழுத்திச் சொறிடா, நேத்துச் சாப்பிடலையா?"

கர்ர்ர், கர்ர்ர். எண்ணெய்ப் பளபளப்பு உரிந்தது. கோடு கோடாகக் கீறல். முதல் கீறல் விழுந்தபோது அவருக்கு உயிரே போனது. பத்தாவது விழுந்தபோது ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டார். நாணலுக்குள் வரிச்சி பஞ்சை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"போதும்," என்றது தோணி. "இப்ப உள்ள வெறுமையா இருக்கு. ஏறி உட்காரு."

"தண்ணி ஆழமா இருக்குமே..."

"நீ தண்ணியிலயா உட்காரப்போறே? எனக்குள்ள உட்காரப்போறே. உன் அளவுக்குத்தான் என்னைச் செஞ்சிருக்கு. ஏறுடா!"

ஏறினார். முழங்கால் இரண்டும் அவற்றுக்கென்று குடைந்த பள்ளத்தில் பொருந்தின. துடுப்பைப் பிடித்தார். வலப்பக்கம் இழுத்தார், இழுத்தார், இழுத்தார். தோணி ஒரே இடத்தில் கிறுகிறுவென்று சுற்றியது.

"தலை சுத்துதுடா! இழுத்து முடிக்கிறப்ப துடுப்பைக் கொஞ்சம் வெளிய திருப்பு!" ஆசாரி என்றைக்கோ சொன்னதைச் சீட்டி எழுத்துக் குறையாமல் ஒப்பித்தான், டொக்கை மட்டும் விட்டுவிட்டான்.

ஈட்டியப்பர் திருப்பினார். தோணியின் மூக்கு நேரானது.

"நல்லா இருக்கு. ஆனா முன்பக்கம் லேசா இருக்கு. சின்னதா ஒரு பாரம் வேணும். ரொம்ப வேண்டாம். ஒரு அணில் அளவு."

"அணிலா? அணிலுக்கு நான் எங்க போவேன்?"

"அண்ணே!" என்று நாணலிலிருந்து வரிச்சி குதித்தாள். "நான் வரட்டுமா?"

அப்படித்தான் அவர்கள் போனார்கள். ஆற்றில் அலை இல்லை. துடுப்பு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது சொட்டும் சத்தம், அவ்வளவுதான். மேகம் தண்ணீருக்குள் கிடந்தது. தோணி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஈட்டியப்பர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அந்தக் காடு அன்றைக்குத்தான் பார்த்தது.

அக்கரை வந்ததும் வரிச்சி தாவினாள். குட்டிகள் அவள்மேல் விழுந்தன. சின்னவன் மட்டும் பஞ்சுமூட்டையைக் கட்டிக்கொண்டு, "அம்மா வாசனை!" என்றான். அப்பன் அணில் உடைக்கத் தெரியாமல் உடைத்த பருப்பு ஒன்றை ஈட்டியப்பரிடம் கொண்டுவந்து நீட்டினான். அதில் பாதி தோல்.

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்றார் ஈட்டியப்பர். இக்கரையில் முயல்கள் வரிசையாக நின்று, "எங்களையும்! எங்களையும்!" என்று கூப்பிட்டன. அவர் தோணியைத் திருப்பினார்.

பாதி ஆறு வந்தது. தன் தோணியை நினைத்து அவருக்கு மனசு நிறைந்தது.

"தோணி, உன்னை வெயில்ல போட்டுக் காய விட்டேன். தப்புதான். இப்ப எந்தப் பக்கம் துடுப்புப் போடட்டும், நீயே சொல்லு."

பதில் இல்லை.

"கோபமா? முதுகு அரிக்குதா?"

அப்போது பின்னால், தூரத்தில், அக்கரைப் புளியமரத்திலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"இன்னும் மேல! இடது பக்கம்! அழுத்திச் சொறிடா, நேத்துச் சாப்பிடலையா?"

குட்டிகளின் சிரிப்பில் புளியமரம் குலுங்கியது. ஆற்றுக்கு இருபக்கமும் கேட்டது. இக்கரை முயல்கள்கூட உருண்டன.

ஈட்டியப்பர் திரும்பிப் பார்த்தார். கிளையில் ஒரு கரிச்சான். வாலில் எண்ணெய் மினுமினுக்கும் இரண்டு சாமரங்கள். முன்னால் பார்த்தார். தோணியின் மூக்கில் வெறும் பொந்து. கையைப் பார்த்தார். இவ்வளவு நேரமும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தோணி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவருடைய முட்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. முழுசாக விரிந்தன. எந்தப் பக்கமும் இடிக்கவில்லை.

"டேய் சீட்டி!"

பொருளை நலுங்காமல் பூட்டிவைத்துப் பார்ப்பவன் அதற்குக் காவல்காரன்தான், நாலு பேருக்காக அதை நனையவிடத் துணிந்தவனே அதற்குச் சொந்தக்காரன்.