வாசமில்லாமல் வந்தவர்

இந்தக் கதையில் பேய் ஒன்றும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொன்னாலும் நம்பமாட்டீர்கள், பாதியில் ஒரு தடவையாவது முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத்தான் போகிறீர்கள்.

சிறுமலை அடிவாரத்து ஊரொன்றில் அருளப்பன் என்ற எழுத்தாளர் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். ஒரே மகள் அமலி திருச்சியில். வீட்டில் துணைக்கு இருந்தது செவலை என்ற நாய். அந்த நாயே தன் கதையைச் சொல்வது போல அவர் ஒரு நாவல் எழுதிவந்தார். கை நடுக்கம் வந்துவிட்டதால், தினமும் மத்தியானம் வந்து அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதியவர் தணிகாசலம். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

நாவலுக்கு அருளப்பன் கறாரான சட்டம் வைத்திருந்தார். நாய்க்கு ஆட்களின் பெயர் தெரியாது, வாசம்தான் தெரியும். பால்காரப் பேச்சியம்மாள் வந்தால் 'சாணி வாசம் வந்தது'. அடுத்த வீட்டுப் பாக்கியநாதன் வந்தால் 'மூக்குப்பொடி வாசம் வந்தது'. மூலையில் சாத்திவைத்த விளக்குமாற்றுக்குக்கூட ஒரு வாசம் எழுதியிருந்தார். எழுதுகிறவனைக் கதைக்குள் விடக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அதனால் தணிகாசலம் மட்டும் அதில் எங்குமே வரவில்லை. ஒவ்வொரு அத்தியாயமும் செவலை கற்றுக்கொண்ட ஒரு பாடத்தோடு முடியும். 'அடித்த கையையும் மோந்து பார், அதில் பசி வாசம் இருக்கலாம்' என்பது ஒன்று. 'சாத்திய கதவைப் பார்த்துக் குரைக்காதே, காத்திரு' என்பது இன்னொன்று.

இதற்காக மனுஷன் பட்ட பாடு கொஞ்சமல்ல. உச்சி வெயிலில் சமையலறைத் தரையில் நாலு காலில் தவழ்வார். நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைப்பார், முனகுவார், நாய் பேசினால் எப்படிப் பேசுமோ அப்படிப் பேசிப் பார்ப்பார். அந்த நேரத்தில் யாராவது உள்ளே போய்விட்டால் தொலைந்தது, அன்றைக்கு வீடே ரெண்டுபடும்.

இருபதாவது அத்தியாயம் செவலையின் கோடைகாலத் தாகத்தைப் பற்றியது. அது பாதியில் நிற்கும்போது அருளப்பன் இறந்துபோனார். சாயங்காலம் பால் ஊற்ற வந்த பேச்சியம்மாள்தான் முதலில் பார்த்தாள். சமையலறையில் குப்புறக் கிடந்தார். ஒரு கை தண்ணீர்ப் பானைப் பக்கம் நீண்டிருந்தது. உயிர் மத்தியானமே போயிருக்கும் என்றார் டாக்டர்.

அடக்கம் முடிந்த பிறகும் அமலியின் நெஞ்சை ஒரே கேள்விதான் அறுத்தது. அப்பா தண்ணீர் கேட்டாரா? கேட்டது யார் காதிலுமே விழவில்லையா?

மூன்றாம் நாள் தணிகாசலம் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தியாயம் முடிந்திருந்தது. அமலி படித்தாள்.

'உச்சிப்பொழுது. அவர் தரையில் விழுந்தார். தண்ணி, தண்ணி என்றார். வாசலில் ஒருவர் வந்து நின்றார். அவரிடம் எந்த வாசமும் இல்லை. நான் குரைக்கவில்லை, வாலை ஆட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். நான் காத்திருந்தேன். தண்ணி என்ற குரல் நின்றது. நான் கற்றது இது: குரல் கேட்டால் கிட்டப் போய் மோந்து பார், பார்க்காமல் திரும்பாதே.'

அமலி அந்தப் பக்கத்தை மறுபடியும் ஒரு தடவை படித்தாள். இதை அப்பா எப்போது சொன்னார் என்று கேட்டாள். இறப்பதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டார் என்றார் தணிகாசலம். இறந்த அன்றைக்குத் தான் திண்டுக்கல் போயிருந்ததாகவும் சொன்னார்.

விஷயம் தெருவில் பரவியது. சாகப்போவது எழுத்தாளருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று ஊரே குசுகுசுத்தது. "வாசமில்லாம வர்றவன் எமன் ஒருத்தன்தாம்மா," என்றாள் பேச்சியம்மாள். பாக்கியநாதன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பை விட்டுக் கிளம்பிய அருளப்பனின் ஆவிதான் வாசலில் நின்று தன்னையே கடைசியாகப் பார்த்துக்கொண்டது என்றார். அதற்கு ஒரு சாட்சியும் வைத்திருந்தார். "வேத்தாள் வந்திருந்தா இந்த நாய் தெருவையே கூட்டிருக்கும். அன்னைக்கு ஒரு குரைப்புகூட எனக்குக் கேக்கலையே."

இதில் செவலை வேறு பயமுறுத்தியது. தினமும் உச்சிப்பொழுதானால் எழுந்து சமையலறை வாசலுக்குப் போகும். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். வெறும் வாசலைப் பார்த்து வாலை ஆட்டும். அமலி அந்த நேரத்தில் கையில் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஐந்தாம் நாளும் அப்படி உட்கார்ந்திருந்தவள், சட்டென்று நோட்டை எடுத்து முதல் அத்தியாயத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். முடித்தபோது அவளுக்குப் பயம் போயிருந்தது. அழுகைதான் வந்தது.

சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள். நாய் வாலாட்டி வரவேற்ற, வாசமே இல்லாத அந்த ஆள் யார்? தண்ணீர் கேட்டவரை விட்டுவிட்டுக் கதவை ஏன் அத்தனை மெதுவாகச் சாத்தினார்?

விடை: எமனும் இல்லை, ஆவியும் இல்லை, தணிகாசலம்தான். தினமும் அதே நேரத்துக்கு வருகிற ஆளைப் பார்த்துச் செவலை ஏன் குரைக்க வேண்டும்? விளக்குமாற்றுக்கே வாசம் சொன்ன அருளப்பன், வந்த ஆளை வாசமில்லாமல் விட்டிருக்கமாட்டார். அந்தப் பக்கத்தைத் தணிகாசலமே எழுதினார். எல்லோருடைய வாசமும் தெரிந்த அவருக்குத் தன் வாசம் மட்டும் தெரியவில்லை. அமலி கேட்டதும் அவர் உடைந்துபோனார். "தாகத்து அத்தியாயம் ஓடிக்கிட்டிருந்துச்சும்மா. நடிச்சுப் பாக்குறாருன்னு நெனச்சேன். கெடுத்துடக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்." நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடும்படி கெஞ்சினார். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "கிழிக்க வேண்டாம் சார். உங்க மேல விபூதி வாசம் வருது. அதையும் எழுதுங்க." அவர் எழுதி முடிக்கும்வரை செவலை அவர் காலடியில்தான் படுத்திருந்தது.