கடலுக்கு நட்ட கம்பு

உப்புவாய்க் குப்பத்துல மூளை இல்லாத ஆளே கிடையாது. தேஞ்சிரக் கூடாதுன்னு பத்திரமா வச்சிருந்தாங்க, அவ்வளவுதான். அதுலயும் கரையோர முத வீட்டுக்காரன் கயித்தான் ரொம்பச் சிக்கனம்.

கடல் அவன் கொல்லைப் பூவரசை விழுங்கிட்டு அடுப்படிக்கு வழி பாத்துக்கிட்டிருந்துச்சு. மேட்டுல ஊருக்கே வீடு கட்டிச் சாவியும் குடுத்துருச்சு சர்க்கார். பொண்டாட்டி லூர்தாள் சட்டிபானையக் கட்டி வச்சுட்டா. கயித்தான் மசியல. அவன் மசியலன்னா ஊரும் மசியாது.

கடலைப் பத்தி ஆராய்ச்சி பண்ற மங்கை மேடம் வந்து, "சந்தேகம் இருந்தா கேளுங்கண்ணே"ன்னாங்க.

கயித்தான் மச்சான் இஞ்ஞாசி எந்திரிச்சான். "பூமி சூடாகுதுங்கீக. இன்னிக்கு விடியக்காலம் குளிர்ல எனக்குப் பல்லு கிட்டிச்சே?"

"ஒருநாள் குளிரை வச்சுச் சொல்லக்கூடாதுண்ணே. உலகம் பூரா வருசக்கணக்கா அளந்து பாத்துட்டாங்க. சூடு ஏறிக்கிட்டேதான் இருக்கு."

"கடல்னா ஏறும், இறங்கும். என்னைக்கும் உள்ளதுதான?"ன்னான் கயித்தான்.

"அது ஓதம். நான் சொல்றது சராசரி மட்டம். சூடான தண்ணி விரியுது. நிலத்து மேல கிடக்குற பனியும் உருகிக் கடல்ல சேருது. துறைமுகத்துல அளந்த கணக்கே இருக்கு."

"துறைமுகத்துக் கடலு வேற, எங்க கடலு வேற மேடம்."

மேடம் பெருமூச்சு விட்டுட்டு மணல்ல ஒரு கம்பை நட்டாங்க. "கடல் இதைத் தாண்டிருச்சுன்னா மேட்டுக்குப் போயிரணும். கம்பைப் பத்திரமாப் பாத்துக்கங்க."

பாத்துக்கிட்டாங்க. ஐப்பசியில அலை வந்து கம்பை நக்குச்சு. "பத்திரம்னாகளேலே!"ன்னு பதறிப் பிடுங்கி, தள்ளி நட்டாங்க. அலை அங்கயும் வந்துச்சு. கம்பைக் கயித்தான் வீட்டு அடுப்படியில நட்டாங்க. அடுப்படிக்கும் தண்ணி வந்ததும் ஊரே கூடிருச்சு.

"அலை இழுத்துட்டுப் போனா மேடம் மூஞ்சியில எப்படி முழிக்க?"ன்னான் இஞ்ஞாசி.

கயித்தான் ரொம்ப நேரம் யோசிச்சான். "மேட்டு வீடு சும்மாத்தான கிடக்கு? அங்க கொண்டு வச்சுருவோம்."

"பாவம், ஒத்தையில கிடக்குமே"ன்னா லூர்தாள். "நான் வேணா துணைக்குப் போறேன்." சட்டிபானையோட கெளம்பிட்டா. லூர்தாளுக்குத் துணை வேணாமான்னு மத்த பொம்பளைங்களும் பிள்ளைகளத் தூக்கிட்டுப் பின்னாலயே போயிட்டாங்க.

அடுத்த வருசம் மேடம் வந்தப்ப, ஆம்பளைங்க மட்டும் முழங்கால் தண்ணியில நின்னு சோறு பொங்கிக்கிட்டிருந்தாங்க.

"அய்யோ! கடல் இன்னுமா கம்பைத் தாண்டல?"

"கம்பு பக்கமே வரல மேடம்!"

"அப்ப வீட்டுப் பொம்பளைங்க?"

"மேட்டுல. கம்புக்குத் துணை."

"நீங்களும் அங்க போயிரலாமேண்ணே!"

கயித்தான் சாரத்தை இடுப்புக்குத் தூக்கிக் கட்டிக்கிட்டு, மேடத்தைப் பரிதாபமாப் பாத்தான்.

"படிச்சவுக பேசுற பேச்சா இது? கடல் கம்பைத் தாண்டுனாத்தான ஆபத்து? கம்பு இருக்குறது அங்க! இங்கதான் கம்பே இல்லயே. பயமா இருந்தா நீங்களும் இப்படி எறங்கி நில்லுங்க."